ஒரு கண்ணுக்கு எட்டு மணி நேரம்

ஜனவரி 9

குழந்தையின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் நாம் கத்துகிறோம், அதனால் இனி எதையும் எழுதித்தான் தெரிவிக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். எழுதுகிறேன். கடிதத்தை நம் மகள் பட்டாணியின் பள்ளிப் பையில் முன்பக்க ஜிப்புக்குள் வைப்பேன். நீங்களும் அங்கேயே வையுங்கள். கோர்ட் கேட்டால் எந்தக் கடிதத்தையும் காட்ட வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும், எனவே வார்த்தையை அளந்து எழுதுங்கள்.

தீர்ப்பு வரும்வரை அவள் இரவில் என்னிடம். மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து நீங்கள் கூட்டிப் போய், ஏழு மணிக்கு என் கட்டிடத்து வாட்ச்மேனிடம் விட வேண்டும். ஞாயிறு பாதிப் பாதி. நேற்று நீங்கள் வந்தது ஏழு இருபதுக்கு. அந்த இருபது நிமிடம் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விட்டீர்களோ என்று பஸ் நிலையம் வரை யோசித்துவிட்டேன்.

அடுத்தது அவள் கண். இடது கண் சோம்பலாக இருக்கிறது, நல்ல வலது கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடினால் இடது கண் வேலை செய்யக் கற்றுக்கொள்ளும் என்று டாக்டர் நம் இருவரிடமும்தானே சொன்னார். அந்த இரண்டு மணி நேரத்தை நான் வீட்டுக்கு வந்ததும் ஒட்டிவிடுகிறேன். உங்கள் பக்கம் ஒட்ட வேண்டாம்.

குழந்தையின் அம்மா

*

ஜனவரி 14

குழந்தையின் அம்மாவுக்கு,

அன்று தாமதமானதற்குக் காரணம் அவள் ஷூ. ஒரு ஷூவைக் கடையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு இன்னொரு ஷூவோடு பாதித் தெரு நடந்துவிட்டாள். திரும்பப் போய் எடுத்து வந்தோம். பஸ் நிலையம் வரை யோசித்தவள் ஷூ வரை யோசித்திருக்கலாம்.

என் கடையில் அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் அவளுடையது. பழைய பிரேம்களைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாடிக்கையாளர் வந்தால், "இது உங்களுக்கு நல்லாவே இல்ல" என்று சொல்லி என் பிழைப்பைக் கெடுப்பாள்.

கண் விஷயத்தில் எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம். பதினேழு வருடமாக ஊருக்கே கண்ணாடி செய்கிறவன் நான். நீ சலவைக்கூடத்தில் நின்று களைத்து வந்து, அவளைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, எந்த நேரத்தில் இரண்டு மணி நேரம் பேட்ச் ஒட்டுகிறாய்? சந்தேகப்பட்டு அவளிடமே கேட்டேன். "அம்மா ஒட்டினாங்களாடா?" "இல்லப்பா." குழந்தை பொய் சொல்லாது. எனவே மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை நான் ஒட்டுகிறேன். அழாமல் இருக்க ஒவ்வொரு பேட்சிலும் ஒரு படம் வரைந்து கொடுக்கிறேன்.

குழந்தையின் அப்பா

*

ஜனவரி 23

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீதிபதி படிப்பார் என்று தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள். ஸ்டூல், பிரேம், படம் வரைந்த பேட்ச், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

நானும் கேட்டேன். "அப்பா கடையில பேட்ச் ஒட்டுறாராடா?" "இல்லம்மா." முகத்துக்கு நேரே பார்த்துச் சொன்னாள். நீங்கள் சொன்னபடி குழந்தை பொய் சொல்லாது. அப்படியானால் யார் சொல்வது பொய் என்று நான் எழுத வேண்டியதில்லை.

எட்டு வருடம் உங்களோடு இருந்தவள் நான். நான் கழுவிய டம்ளரை எடுத்து மறுபடி கழுவுவீர்கள். நான் பூட்டிய கதவை எழுந்து போய் இழுத்துப் பார்ப்பீர்கள். ஒரு நாள்கூட "நீ செய்தாயா, சரி" என்று விட்டதில்லை. ஆனால் உண்மையில் செய்ய வேண்டியது வரும்போது வாடிக்கையாளர், இயந்திரம், ஆர்டர். நீங்கள் ஒட்டவில்லை என்பது தெரிந்துவிட்டது. விட்டதைப் பிடிக்க நான் நான்கு மணி நேரம் ஒட்டப் போகிறேன். பள்ளிக்கு முன் ஒன்றரை, மாலையில் இரண்டரை. தேதி, நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். என் வக்கீல் சொல்லித்தான்.

*

பிப்ரவரி 6

டம்ளரைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பது யார்? நான் சீவிய தலையைக் கலைத்து மறுபடி சீவுவது யார்? ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு ஆயிரம் மடிக்கிற கைக்கு, நான் மடித்த ஒரு சின்னச் சட்டை பொறுக்கவில்லை. போகட்டும்.

மறுபடி கேட்டேன், இந்த வாரம் மூன்று முறை. மூன்று முறையும் "இல்லப்பா". நான்கு மணி நேரம் ஒட்டுகிறேன் என்று கோர்ட்டுக்குக் கதை விடுகிறாய், உண்மையில் ஒரு நிமிடம்கூட இல்லை. ஏழு வயதுக்குப் பிறகு அந்தக் கண் பிடிகொடுக்காது என்று டாக்டர் சொன்னது உனக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. இன்று முதல் இறக்கி விடுகிற வரை நான்கு மணி நேரமும் ஒட்டுவேன், ஏழு மணிக்கு வாட்ச்மேனிடம் விடும்போதுதான் எடுப்பேன். நானும் நோட்டு வைத்திருக்கிறேன்.

இறுதி விசாரணை மார்ச் 27. அவள் முழுக்க முழுக்க என்னோடு இருக்க வேண்டும் என்றுதான் கேட்கப் போகிறேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

*

பிப்ரவரி 24

நேற்று அவள் கதவு நிலையில் மோதிக்கொண்டாள். வலது பக்கம். நெற்றியில் வீக்கம். முந்தாநாள் டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே ஊற்றினாள், நான் திட்டிவிட்டேன். புத்தகத்தைப் படிக்கச் சொன்னால் தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறாள்.

உங்களிடமிருந்து வந்த பிறகுதான் இப்படி இருக்கிறாள். அங்கே என்ன செய்கிறீர்கள்? இயந்திரத்துத் தூசி கண்ணில் விழுந்ததா? கண்ட கண்ணாடியைப் போட்டுப் பார்க்க விடுகிறீர்களா? எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட்டேன், ஆனால் எழுதுவதால் எனக்குப் பயம் குறையவில்லை.

சண்டைக்காக எழுதவில்லை. சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் நீராவி உருளைக்கு முன்னால் விரிப்பை உள்ளே விட மறந்து நிற்கிறேன், சூப்பர்வைசர் இரண்டு முறை கத்திவிட்டாள். தயவுசெய்து அவளை என்னிடம் விட்டுவிடுங்கள். கோர்ட், வக்கீல், எதுவும் வேண்டாம். ஞாயிறு வந்து பாருங்கள், நான் தடுக்க மாட்டேன். கெஞ்சுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கெஞ்சத்தான் செய்கிறேன்.

*

மார்ச் 2

உன் கடிதம் கிடைத்தது. அதில் உள்ள விஷயங்களுக்குப் பதிலை 27ஆம் தேதி கோர்ட்டில் சொல்லிக்கொள்வேன். அதுவரை இந்த விஷயமாக எழுத வேண்டாம் என்று எனக்கு ஆலோசனை சொல்லப்பட்டிருக்கிறது.

அவளுடைய மழைக்கோட்டு கடையில் இருக்கிறது. நாளை கொடுத்தனுப்புகிறேன்.

*

மார்ச் 11

இதைப் பையில் வைக்கவில்லை. அவள் மூக்குக்கண்ணாடி வைக்கிற பெட்டியில், துடைக்கிற துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். துணியை மாற்றுவது நீங்கள்தான், உங்கள் கையில்தான் கிடைக்கும். இதை வேறு யாருக்கும் காட்டக் கூடாது. காட்டினால் காட்டுங்கள், எனக்கு இப்போது அந்தப் பயமும் போய்விட்டது.

நேற்று கண் டாக்டரிடம் போனோம். இடது கண் நன்றாகத் தேறியிருக்கிறது என்றார். என் உச்சி குளிர்ந்தது. பிறகு வலது கண்ணைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். விளக்கைப் போட்டு, அணைத்து, மறுபடி பார்த்தார். "நல்ல கண் எப்படி இவ்வளவு இறங்குச்சு? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் மூடுறீங்க?" என்று கேட்டார். நான்கு மணி நேரம் என்றேன். "ரெண்டுதானே சொன்னேன். ஆனா நாலுக்கு இவ்வளவு ஆகாதே" என்றார். அளவுக்கு மேல் மூடி வைத்தால் நல்ல கண்ணும் பார்க்க மறந்துவிடுமாம்.

வீட்டுக்கு வந்து அவள் பென்சில் பெட்டியைத் திறந்தேன், பென்சில் சீவத்தான். மூடியின் உட்புறம் முழுக்கப் பேட்ச். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி வைத்திருக்கிறாள். மீன், கெண்டி, சைக்கிள், குடை பிடித்த பூனை, எல்லாம் உங்கள் பேனா. நாற்பத்து மூன்று எண்ணினேன், அடியில் இன்னும் இருந்தது, பிரித்தால் கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"அப்பா ஒட்டலைன்னு ஏண்டா சொன்னே?" என்று கேட்டேன். கோபப்படாமல்தான் கேட்டேன், சத்தியமாக. அவள் பென்சிலை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "நீ கேக்கும்போதே இல்லைன்னு சொல்லணும்னு உன் மூஞ்சியிலயே இருந்துச்சு. அப்பா கேக்கும்போது அப்பா மூஞ்சியிலயும் அப்படித்தான் இருந்துச்சு."

நீங்கள் எத்தனை மணி நேரம் ஒட்டினீர்கள்? எந்தத் தேதியிலிருந்து? பேட்சை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். மற்றதைச் சரியான கணக்குத் தெரிந்தால்தான் சொல்ல முடியும் என்கிறார். சொல்லுங்கள்.

*

மார்ச் 12

துணிக்கு அடியில் இருந்தது. படித்துவிட்டுக் கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். ஒருவர் வந்து கண்ணாடியின் மூக்குப் பிடியை இறுக்கித் தரச் சொன்னார், இறுக்க முடியவில்லை, நாளைக்கு வரச் சொன்னேன்.

ஜனவரி 12 முதல் இரண்டு மணி நேரம். பிப்ரவரி 6 முதல் நான்கு. உன்னுடைய நான்கையும் சேர்த்தால் எட்டு. பள்ளியில் இருந்த நேரமும் தூக்கமும் போக அவள் வலது கண் வெளிச்சத்தையே பார்த்திருக்காது.

கன்னத்தில் சிவந்த தடம் இருக்கும். மூன்று மணிக்கு அவளைக் கூட்டி வரும்போதே இருக்கும். நேற்று நான் ஒட்டியது இன்னும் மறையவில்லை என்று நினைத்துக்கொள்வேன். காலையில் நீ ஒட்டியது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதைவிட, நீ செய்திருப்பாய் என்று நினைக்க எனக்கு மனசு வரவில்லை என்பதுதான் உண்மை.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் உனக்குத் தெரியவே வராது, அதனால்தான் சொல்கிறேன். பிப்ரவரி 21 அன்று கடையில் அவளுக்குக் கண் சோதிக்கிற அட்டை வைத்துப் பார்த்தேன். வலது கண் மூன்று வரி இறங்கியிருந்தது. எனக்குத் தெரியும். பதினேழு வருடம் இதைத்தானே செய்கிறேன். நீ ஏதோ தப்பாகச் செய்கிறாய், தப்பான கண்ணை மூடுகிறாயோ என்று முடிவு கட்டினேன். வக்கீலிடம் ஓடினேன். "நல்லதாப் போச்சு, 27ஆம் தேதி வரைக்கும் வாயைத் திறக்காதீங்க" என்றார். திறக்கவில்லை. அவள் கதவில் மோதினாள் என்று நீ எழுதினாயே, அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மழைக்கோட்டைப் பற்றி எழுதினேன். பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளும் தினமும் நான்கு மணி நேரம் நானே ஒட்டினேன்.

என் நோட்டை இதோடு வைக்கிறேன். பென்சில் பெட்டிக்கு அடியில் பார். நகல் எடுக்கவில்லை.

*

மார்ச் 13

நோட்டு வந்தது. உங்கள் கையெழுத்து எப்போதும் போல மணி மணியாக இருக்கிறது. 3.32, 3.31, 3.35. ஒரு நிமிடத்தைக்கூட விடாமல் குறித்திருக்கிறீர்கள்.

பத்தொன்பது நாள். அந்த வரியைப் படித்துவிட்டுச் சலவைக்கூடத்துப் பின்புறம் போய் அழுக்குத் துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். உங்களை அடிக்க வேண்டும் போல இருந்தது. எழுதிக் காட்டினால் நீதிபதி படிப்பாரே என்ற பயம்கூட இல்லாமல் எழுதுகிறேன், அடிக்க வேண்டும் போல இருந்தது. கண்ணாடிக்காரனுக்குத் தெரிந்தும் அப்பனுக்குத் தெரியாமல் போயிற்றா? நான் அவ்வளவு கெஞ்சினேன். உங்களுக்கு என்னை ஜெயிக்க வேண்டும். அதற்கு அவள் கண் இறங்கியது வசதியாக இருந்தது.

இதை எழுதிய பிறகு என் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். பிப்ரவரி 23: "கதவில் மோதினாள். தந்தை வீட்டிலிருந்து திரும்பிய பின்." அப்படித்தான் எழுதியிருக்கிறேன். டாக்டரிடம் அன்றே தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டியவள், முதலில் நோட்டை எடுத்திருக்கிறேன். டாக்டரிடம் போனது பதினைந்து நாள் கழித்து, ஏற்கெனவே குறித்த தேதிக்கு. கன்னத்துச் சிவந்த தடத்தை ஏழு மணிக்கு நானும் பார்த்தேன், காலையில் நான் ஒட்டியது என்றே எடுத்துக்கொண்டேன். உங்களைத் திட்டியதில் ஒரு வார்த்தையையும் திரும்ப வாங்கவில்லை. எனக்கும் அதில் பங்கு உண்டு.

டாக்டர் 20ஆம் தேதி நான்கு மணிக்கு இருவரையும் வரச் சொல்கிறார். இரண்டு நோட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். எனக்கு அன்று மூன்றரை வரை வேலை. உங்கள் நோட்டையும் என் நோட்டையும் சேர்த்து அனுப்புகிறேன், கொண்டு வாருங்கள். நானும் நகல் எடுக்கவில்லை. உங்கள் வக்கீலுக்கு இது கிடைத்தால் 27ஆம் தேதி என் கதை முடிந்தது என்று தெரிந்தேதான் அனுப்புகிறேன். வேறு வழி இல்லை.

*

மார்ச் 21

நேற்று டாக்டர் அறையில் நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனாலும் எழுத வேண்டும் போல இருக்கிறது.

இடது கண்ணை மூடி, படம் போட்ட அட்டையைக் காட்டி, "இது என்னம்மா?" என்று கேட்டார். அவள் அட்டையைப் பார்க்கவில்லை. திரும்பி உன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி உன் முகம். எந்தப் படம் என்று அங்கே தேடினாள். டாக்டர் எழுந்து, "ரெண்டு பேரும் வெளியில இருங்க" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பெஞ்சில் நீ அந்த முனை, நான் இந்த முனை. உள்ளே அவள் குரல் கேட்டது. வீடு. பூ. குடை. கோப்பை. ஒவ்வொன்றாக நீயும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாய், பார்த்தேன். நான்காவது வரியில் நின்றாள். பிறகு, "தெரியல" என்றாள். இந்த இரண்டு மாதத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் அவள் சொன்ன முதல் பதில் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முன்பு அந்தக் கண்ணால் ஏழு வரி படித்தவள். பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் முழுசாக வருமா என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆறு வாரம் எதையும் மூடாமல் பார்ப்போம் என்று சொன்னார். அந்த "பெரும்பாலும்" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடையில் ஒவ்வொருவர் கண்ணையும் பார்க்கும்போது அந்த வார்த்தை வந்து நிற்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 16ஆம் தேதி வக்கீலிடம் போனேன். இரண்டு நோட்டும் என் கையில் இருந்தன. "உங்க நோட்டைக் கிழிச்சுப் போடுங்க, அவங்க நோட்டை மட்டும் என்கிட்ட குடுங்க, பிள்ளை உங்களுக்குத்தான்" என்றார். உன் நோட்டு அவர் மேஜை மேல் அரை மணி நேரம் இருந்தது. அவர் பிடுங்கவில்லை, நான்தான் வைத்தேன். அதைத் திரும்ப எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. உன் நோட்டு இதோடு இருக்கிறது, ஒரு பக்கமும் குறையவில்லை, எண்ணிப் பார்த்துக்கொள். நான் எண்ணிப் பார் என்று சொல்வதே தப்பு, நீ எண்ணித்தான் பார்ப்பாய்.

27ஆம் தேதி என்ன செய்வது? இருவரும் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் நீதிபதி இரண்டு பேரிடமிருந்தும் பிடுங்கி என் அக்கா வீட்டில் விடச் சொல்லலாம். அவள் இல்லாமல் என்னால் அந்த ஸ்டூலைப் பார்க்க முடியாது. நீ சொல்கிறபடி செய்கிறேன். முதல் தடவையாகச் சொல்கிறேன், நீ செய்ததை நான் மறுபடி செய்து பார்க்க மாட்டேன்.

*

மார்ச் 25

எண்ணிப் பார்த்தேன். குறையவில்லை.

இரண்டு நோட்டையும் கொடுக்கப் போகிறேன். உங்கள் நோட்டை நாளை பையிலேயே வையுங்கள், முன்பக்க ஜிப்பில், எல்லோருக்கும் தெரியும்படி. உங்கள் அக்கா வீட்டுக்கு அவள் போக வேண்டி வந்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது. அவள் போர்வையை மடிக்கக் கை வராது. ஆனால் மறைத்தால் ஆறு வாரம் கழித்து டாக்டர் கேட்பதற்கும் நாம் இருவரும் ஆளுக்கொரு பதில் தயார் செய்வோம். நம்மை எனக்குத் தெரியும்.

நீதிபதி அவளைக் கூப்பிட்டு யாரோடு இருக்க ஆசை என்று கேட்பாராம். என் வக்கீல் இன்று சொன்னார். கேட்கும்போது நாம் இருவரும் அந்த அறையில் இருக்கக் கூடாது என்று மட்டும் நான் நீதிபதியிடம் கேட்கப் போகிறேன். நீங்களும் அதையே கேளுங்கள்.

இன்று மாலை பள்ளிச் சீருடையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள், "அங்க என்னம்மா சொல்லணும்?" யார் சொன்னார்களோ, அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நான் அவளைத் தூக்கி, என் முகம் அவளுக்குத் தெரியாதபடி தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுடா" என்றேன். குரலை ஒரே மாதிரி வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் தலையை எடுத்து, இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்து, தன் பக்கம் திருப்பினாள். இடது கண் தெளிவாகப் பார்க்கும்படி தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, என் முகத்தை வரி வரியாகப் படித்தாள்.

நாளை மூன்று மணிக்கு உங்களிடமும் கேட்பாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று இப்போதே யோசித்து வையுங்கள். எனக்குத் தெரியவில்லை.